மிகுந்தது எது, மீறியது யார்?

இந்தியாவுக்கான காற்றுத் தர வரையறைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பரில் அறிவிக்கையாக வெளியிட்டது. சின்ன ஆவணம்தான். ஓர் அட்டவணை, அதன் அடியில் சில குறிப்புகள். ஒரு குறிப்பு இப்படிப் போகிறது: 24 மணி நேர, 8 மணி நேர, 1 மணி நேர அளவுகள் ஆண்டில் 98 சதவீத நேரம் வரம்புக்குள் இருக்க வேண்டும். மீதி 2 சதவீத நேரம் அவை வரம்பை ‘எக்ஸீட்’ செய்யலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு கண்காணிப்பு நாட்களில் அப்படி ஆகக் கூடாது.

ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு இதில் எதுவும் உறுத்தாது. தமிழில் ‘வரம்பை மீறலாம்’ என்று எழுதிப் பாருங்கள், கை நின்றுவிடும். மீறலாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன மீறல்? கேட்காமல் போவதற்குத்தானே மீறல் என்று பேர். ‘வரம்பைத் தாண்டலாம்’ என்றால் யாரோ வேலி ஏறிக் குதிப்பதுபோல இருக்கிறது. ‘வரம்புக்கு மேல் போகலாம்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் எழுதுவேன், அங்கே அதுதான் சரி. ஆனால் அந்தச் சரியான சொற்றொடரை எழுதிய கையோடு ஒரு சந்தேகமும் வருகிறது. இதே ஆங்கில வினை ஒரு தொழிற்சாலையைப் பற்றி வரும்போதும், ஒரு படகைப் பற்றி வரும்போதும், ஓர் அதிகாரியைப் பற்றி வரும்போதும் நாம் ஒரே தமிழைப் போடுகிறோமா? இல்லை என்பதுதான் என் அனுபவம். அந்த வித்தியாசம் எப்படி விழுகிறது, யாருக்குச் சாதகமாக விழுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க நினைக்கிறேன்.

நான் பிழைப்புக்கு மொழிபெயர்ப்பவன். கதை, கவிதை எப்போதாவது. பெரும்பாலும் அறிக்கைகள், கையேடுகள், திட்டச் சுருக்கங்கள். இந்த வகை எழுத்தை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நாவலின் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஓர் ஊரின் தண்ணீரைப் பற்றிய அறிக்கையில் பிசகினால் கேட்பாரில்லை. இதைவிட அதிகப் பேரின் வாழ்க்கையைத் தொடும் தமிழ் உரைநடை இன்று எது என்று எனக்குத் தெரியவில்லை.

*

முதலில் அந்த ஆங்கிலச் சொல். ‘எக்ஸீட்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘கேதெரே’ என்றால் போவது. வெளியே போவது, அவ்வளவுதான். ‘ப்ரொஸீட்’, ‘ஸக்ஸீட்’, ‘ரிஸீட்’ எல்லாம் கூடப் பிறந்தவை. முன்னால் போனால் ஒன்று, பின்னால் வந்தால் ஒன்று, விலகிப் போனால் ஒன்று. எதிலிருந்து வெளியே போனாய், போகச் சொன்னது யார், போகாதே என்றது யார் என்றெல்லாம் இந்த வினை கேட்பதில்லை.

அதனால்தான் அது எங்கேயும் பொருந்துகிறது. கார் வேக வரம்பை எக்ஸீட் செய்யும். செலவு பட்ஜெட்டை எக்ஸீட் செய்யும். அதிகாரி தன் அதிகாரத்தை எக்ஸீட் செய்வார். பழைய மகாபலிபுரம் சாலை ஐடி நிறுவனங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை ஊழியரை எடை போடும் தாளில் ‘எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்தால் சம்பள உயர்வு. ஒரே வினை. ஓர் இடத்தில் அபராதம், இன்னோர் இடத்தில் இனாம்.

ஆங்கிலத்துக்குக் கண்டிக்கத் தெரியாது என்று சொல்லவில்லை. ‘வயலேட்’ இருக்கிறது, ‘டிரான்ஸ்கிரெஸ்’ இருக்கிறது, ‘டிரெஸ்பாஸ்’ இருக்கிறது. பாராட்ட ‘ஸர்பாஸ்’ இருக்கிறது. இவ்வளவு சொற்கள் கைவசம் இருந்தும் அலுவலக ஆங்கிலம் ‘எக்ஸீட்’டைத் தேடிப் போகிறது, அதில் தீர்ப்பு இல்லை என்பதற்காகவே. அதிலிருந்து ‘எக்ஸீடன்ஸ்’ என்று ஒரு பெயர்ச்சொல்லையும் உண்டாக்கிவிட்டார்கள். மாசு அளவு வரம்புக்கு மேல் போன சம்பவத்துக்கு அந்தப் பெயர். இந்த ஆண்டில் இத்தனை எக்ஸீடன்ஸ் என்று எண்ணிக்கொண்டே போகலாம். மழை நாட்களை எண்ணுவதுபோல. மழை பெய்ததற்கு யாரைப் பிடித்துக் கேட்பது?

*

தமிழில் இந்த ஒரு வினைக்கு ஒரு வினை கிடையாது. நாலைந்து உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறது.

‘மிகு’ எண்ணைப் பார்க்கிறது. எவ்வளவு என்பதுதான் அதன் கேள்வி. சட்டத் தமிழில் ‘மூன்று ஆண்டுகளுக்கு மிகாத சிறை’, ‘ஐயாயிரம் ரூபாய்க்கு மிகாத அபராதம்’ என்று எதிர்மறையில் உயிரோடு இருக்கிறது. பேச்சில் இதன் இடத்தைக் ‘கூடு’ம் ‘ஜாஸ்தி’யும் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘உப்பு கூடிப்போச்சு’ என்று சொல்லும்போது உப்பின் மேல் யாருக்கும் கோபமில்லை.

‘மிஞ்சு’ எதிராளியைப் பார்க்கிறது. ‘அவனை மிஞ்ச ஆளில்ல’, ‘ரொம்ப மிஞ்சிப் போறான்’. கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான் என்று பழமொழியே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இல்லாத இன்னொரு அறையும் இந்தச் சொல்லுக்குள் உண்டு. ‘சோறு மிஞ்சிடுச்சு’ என்றால் தேவைக்கு மேல் இருந்தது, அதனால் எஞ்சியது. மேலே போனதும் மிச்சமானதும் ஒரே சொல். ‘மிஞ்சி மிஞ்சிப் போனா நூறு ரூபா ஆகும்’ என்றால், எவ்வளவு தாண்டினாலும் அதற்குள்தான் என்று அர்த்தம். மிஞ்சுவதற்கே ஒரு வரம்பு கட்டிவிடுகிறோம்.

‘தாண்டு’வுக்குக் கால் இருக்கிறது. ‘வாசப்படியத் தாண்டாத’. எங்கே என்பது அதன் கேள்வி. வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது, தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியது என்று எண்ணுக்கும் இதைச் சொல்கிறோம். அப்போதுகூடத் தரையில் ஒரு கோடு போட்டு, அதை எண் எட்டிக் கடப்பதாகத்தான் மனசில் படம் விழுகிறது.

‘மீறு’ ஆளைப் பார்க்கிறது. யார் சொன்னதை, யார் கேட்கவில்லை? ‘அப்பா பேச்சை மீறி’, ‘ஊர்க் கட்டுப்பாட்டை மீறி’, ‘தடையை மீறி’. இந்தச் சொல்லுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. வேற்றுமை உருபு மாறினால் அதன் முகம் மாறிவிடும். ஐ உருபு வந்தால் குற்றம்: ‘சட்டத்தை மீறினான்’. கு உருபு வந்தால் அளவு: ‘சக்திக்கு மீறிக் கடன் வாங்கினான்’, ‘வயசுக்கு மீறின பேச்சு’. முதலாவதில் கோபம் இருக்கிறது. இரண்டாவதில் கவலை, சில நேரம் பெருமைகூட. ‘விஷயம் கை மீறிப் போச்சு’ என்னும்போது உருபே இல்லை, ஆளும் இல்லை. பொறுப்பை அப்படியே காற்றில் விட்டுவிடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரிய பதவியில் இருப்பவர்கள் நிறையப் பயன்படுத்துவதைக் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே ‘எக்ஸீட்’டைத் தமிழாக்குவது பெயர்த்து வைக்கும் வேலையாக மட்டும் முடிவதில்லை. எண்ணா, இடமா, ஆளா, எதிராளியா என்று தமிழ் கேட்கும். பதில் சொல்லாமல் வாக்கியம் நகராது. ஆங்கில ஆசிரியர் சொல்லாமல் விட்ட தீர்ப்பை மொழிபெயர்ப்பவர் சொல்லியாக வேண்டிவரும்.

*

இந்தச் சொற்களை யோசிக்க எனக்கு உதவிய இடம் கோட்டைக்குப்பம். சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான் கடலைத் தொடுகிறது. ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியது. அதில் இன்று எஞ்சியிருப்பவை புதர் மண்டிய சிதிலங்கள். பக்கத்து மீனவக் குப்பத்தின் பெயரில் கோட்டை முழுசாக நிற்கிறது.

‘கோட்டை’ என்ற சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். மதில் வைத்துக் கட்டியது ஒரு கோட்டை. கோடு என்ற சொல்லோடு ஐ சேர்ந்தாலும் கோட்டை. ‘கோட்டைத் தாண்டாதே’ என்று எழுதினால் மதிலா, தரையில் கிழித்த கோடா என்பது இடத்தைப் பொறுத்தது. கம்பெனிக்காரன் மதில் கட்டி எல்லை வைத்தான். அதே கரையில் மீனவர்கள் தண்ணீரில் எல்லை வைத்திருக்கிறார்கள். மதில் போய்விட்டது. தண்ணீரில் போட்ட கோடு இருக்கிறது.

அந்தக் கோட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் ஊர்களும் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு முறையில் பிரித்துக்கொள்பவை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்காது. இன்ன நாள் இன்ன ஊர், இன்ன குழு, இன்ன இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். உரிமை தலைக்கட்டுக்கு. முறை வந்த நாளில் சுத்துவலை கட்டலாம். முறை இல்லாத நாளில் அடுத்தவர் இடத்தில் வலை இறக்கினால் ஊரில் பதில் சொல்ல வேண்டும்.

‘பாடு’ என்ற சொல்லே பெரிய சொல். ‘படாத பாடு பட்டேன்’ என்றால் துன்பம். ‘அது அவன் பாடு’ என்றால் அவனுடைய விஷயம், நமக்கென்ன. கட்டுப்பாடு, ஏற்பாடு, மேம்பாடு என்று ஒட்டிக்கொண்டே போகும். ஏரியில் இடமும் முறையும் சேர்ந்து பாடு. எங்கே என்பதும் எப்போது என்பதும் யார் என்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனவே இங்கே மீறல் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரம்பு யாரால் வைக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். வைத்தவர்களில் மீறியவனும் ஒருத்தன், அல்லது அவனுடைய அப்பா. ‘எக்ஸீட்’ போன்ற ஒரு சொல்லுக்கு இந்த ஏற்பாட்டில் வேலையே இல்லை.

இங்கே நிறுத்திவிட்டால் இது கிராமத்தைப் புகழ்ந்து எழுதும் இன்னொரு கட்டுரையாகிவிடும். ஏரியை நம்பி இருப்பவர்கள் பட்டினவர்கள் மட்டும் இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். பாடு உரிமை இல்லாத தலித் ஊர்கள் இருக்கின்றன. வலையும் படகும் கைக்கு வந்த பிறகு அவர்களும் அதே தண்ணீருக்கு வந்தார்கள். உரிமை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே சச்சரவுகள் நடந்திருக்கின்றன. பாடு வைத்திருப்பவர் இதை மீறல் என்பார். அந்த வரம்பை வைத்தபோது கூப்பிடப்படாதவர், ‘நான் எதை மீறினேன்? என்னைக் கேட்டா வச்சீங்க?’ என்று கேட்டால் அதற்கும் பதில் வேண்டும்.

‘மீறு’ என்ற சொல்லின் பலமும் ஆபத்தும் இங்கேதான் தெரிகின்றன. அது ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்துப் பேசுகிறது. ஒப்பந்தத்தில் இருந்தவருக்கு அது நியாயமான குற்றச்சாட்டு. இல்லாதவருக்கு அது வெறும் அதட்டல். ஆகையால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வரம்பு வைத்த சபையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.

*

பழவேற்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் காட்டுப்பள்ளி, அதைத் தாண்டி எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் ஓர் உர ஆலைக்குக் கடலுக்கடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூக்கத்திலிருந்து எழுந்த சனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அறிக்கையில் அளவுகள் இருந்தன. ஆலை வாசல் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். வரம்பு 5.

அந்த 400 என்ற எண், முதலில் சொன்ன 2009 அறிவிக்கையின் அட்டவணையில் இருப்பதுதான். காற்றில் ஐந்து மடங்கு, தண்ணீரில் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆங்கிலத்தில் இதற்கு எக்ஸீட் போதும். தமிழில்? இப்படி ஒரு சம்பவம் வரும்போது நம் செய்திகளில் வழக்கமாகக் காணும் சொற்றொடர் ‘நிர்ணயிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக இருந்தது’. அதிகமாக இருந்தது. குழம்பில் உப்பு அதிகமாக இருந்ததுபோல. நிர்ணயித்தது யார் என்பதும் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டது. அதிகமாக்கியது யார் என்பது வாக்கியத்திலேயே இல்லை.

இதில் பொய் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அளவு அதிகம்தான். ஆனால் 400க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது ஒருவருடைய கடமை. அந்தக் கடமைக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆலை நடக்கிறது. அதாவது இங்கே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, ஏரியில் இருக்கும் பாடு போலவே. ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் ‘மீறு’ பொருந்த வேண்டும். பொருந்துகிறதா இல்லையா என்று கேட்கவிடாமல் ‘அதிகம்’ என்ற சொல் கதவைச் சாத்திவிடுகிறது.

இதே கரையில் இன்னொரு சொல்லும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கராகப் பெருக்கும் திட்டம். பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவருகிறார்கள். பதினெட்டு மடங்கு. ‘விரிவாக்கம்’ என்று அதற்குப் பெயர். நான் அதை மீறல் என்று மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. திட்டம் திட்டம்தான், ஆங்கிலத்திலும் அது வேறு சொல்தான். எனக்குப் பட்டது இது: பெரிய எண்கள் எல்லாம் வளர்ச்சியின் சொற்களோடு வருகின்றன. கால் வைத்த சொற்களும் கை நீட்டிக் குற்றம் சொல்லும் சொற்களும் சின்னப் படகுகளுக்காக ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன.

*

படகு என்றதும் கடல் எல்லைச் செய்திகள் நினைவுக்கு வரும். இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கிழித்தன. ராமேஸ்வரத்துப் படகுகள் பிடிபடும்போது தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி’ என்று எழுதும். அதே கைதை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘அத்துமீறி மீன்பிடித்த இந்திய மீனவர்கள்’ என்று எழுதும். இரண்டும் தமிழ். இரண்டும் ஒரே படகு.

இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. முதலாவதில் ‘தாண்டு’. இடத்தைப் பற்றிய வினை. அதிலும் ‘கூறி’ என்று சேர்த்து, சொல்வது அந்தக் கடற்படை, நாங்கள் இல்லை என்று விலகி நிற்கிறது. இரண்டாவதில் ‘அத்துமீறு’. அத்து என்றால் எல்லை. அரபியின் ‘ஹத்’ உருது வழியாக வந்து தமிழோடு தமிழாகிவிட்ட சொல். அதோடு மீறு சேரும்போது எல்லைக்கு அந்தப்பக்கம் வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடுகிறது.

அங்கே உண்மையிலேயே ஆள் இருக்கிறார். போருக்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் சின்னப் படகுக்காரர்கள். இழுவைமடிப் படகு ஓர் இரவு வந்து போனால் அவர்களுடைய வலை போய்விடும். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அவர்களுக்கு அது அத்துமீறல்தான். தமிழ்நாட்டில் படகில் கூலிக்குப் போகிறவனுக்கோ அது தாத்தா காலத்திலிருந்து போய்வந்த தண்ணீர். கோடு பிறகு வந்தது, அவனைக் கேட்காமல் வந்தது. எந்தச் சொல் சரி என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கத்துத் தமிழும் தங்கள் சொல்லைத் தெரிந்தே எடுத்திருக்கின்றன என்பது முக்கியம். எங்கள் செய்தியாளர்களுக்குத் ‘தாண்டு’வுக்கும் ‘மீறு’வுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆகவே அமோனியா விஷயத்தில் ‘அதிகம்’ என்று எழுதும்போது வேறு சொல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எண் மேலே போனதாலேயே குற்றம் ஆகிவிடாது. புயல் வரலாம், கருவி பழுதாகலாம், பக்கத்து ஆலையின் புகை இந்த ஆலையின் வாசலில் அளக்கப்படலாம். அளப்பவர் அளக்கட்டும், தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். எக்ஸீட் என்ற சொல்லில் தீர்ப்பு இல்லாததுதான் அதன் நேர்மை.

இதை நான் முழு மனதாக ஏற்றுக்கொள்கிறேன். 2 சதவீதக் குறிப்பில் ‘வரம்புக்கு மேல் போகலாம்’ என்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னது அதனால்தான். அங்கே இருப்பது எண், ஆள் இல்லை. ஆனால் இந்த நேர்மை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும். நீரோட்டம் இழுத்துப் போன படகுக்கும் அது வேண்டும். படகு தானாக ஒதுங்கியதா, வேண்டுமென்றே போனதா என்று தெரியாத நேரத்தில் ‘தாண்டி’ என்று எழுதுகிறோம். தாண்டக் கால் வேண்டும், மனசும் வேண்டும். ஆலைக்கு விசாரணை முடியும்வரை மிகுதி, படகுக்கு விசாரணைக்கு முன்பே தாண்டல் என்றால் அதை நடுநிலை என்று சொல்ல முடியாது.

பழவேற்காட்டுக்கு மொழிபெயர்ப்பு ஒன்றும் புதிதல்ல. 1630களில் டச்சுக் கம்பெனியின் பாதிரியாராக அங்கே இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1651இல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் அதில் டச்சு உரைநடையாக வந்தன. சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுதான் முதல் தடவை என்பார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்ச்சுகீசியம். வழியில் எவ்வளவோ சிந்தியிருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து கேட்டு, சொல்லிப் பார்த்து எழுதினார்கள். முந்நூற்று எழுபது வருஷம் கழித்து நிலைமையைப் பாருங்கள். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது, அதை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. பல மொழிகளில் பெயர்த்தால் சொற்களின் பொருள் மங்கிப்போகும் என்பது அரசுத் தரப்பு முன்வைத்த வாதங்களில் ஒன்று.

அந்த வரைவு எதைப் பற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். முன் அனுமதி வாங்காமல் தொடங்கிவிட்ட திட்டங்கள் பின்னால் வந்து விண்ணப்பிக்க அது வழி வைத்தது. அதற்கு ஆங்கிலத்திலேயே ‘வயலேஷன்’ என்றுதான் பெயர். மீறல். தமிழில் அதைப் பெயர்த்தால் ‘மீறலுக்கு அனுமதி’ என்று வந்து நிற்கும். நான் முதலில் சொன்னேனே, கை நின்றுவிடும் என்று, அந்த இடம். பொருள் மங்கும் என்ற கவலை எனக்குப் புரியவில்லை. தமிழில் அது மங்காது. படிக்கிற எவருக்கும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

*

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் என்ன செய்ய முடியும்? அறிக்கை எழுதுபவன் நான் இல்லை, பெயர்ப்பவன். ஆங்கிலத்தில் எக்ஸீட் என்றிருப்பதைக் கோபம் வந்தது என்பதற்காக ‘மீறியது’ என்று மாற்றினால் அது என் வரம்புக்கு வெளியே போவது. அதற்கும் நியாயமில்லை.

ஆனால் தமிழ் கேட்கும் கேள்விகளை நான் திருப்பி அனுப்பலாம். எண்ணைப் பற்றிய வாக்கியத்தில் மிகுதி என்று எழுதுகிறேன். அந்த வரம்பு ஒரு கடமையாக இருந்தால், யாருடைய கடமை என்று ஓரத்தில் குறித்து, எழுதியவரிடம் கேட்கிறேன். சில நேரம் பதில் வரும், பல நேரம் வராது. வந்தால் ஒரு வாக்கியம் மூன்றாக விரியும்: அளவு இவ்வளவு மிகுந்தது. மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் இன்னார். அவர் விதியை மீறினாரா என்பது விசாரணையில் இருக்கிறது. மூன்றும் உண்மை. மூன்றிலும் தீர்ப்பு இல்லை. ஆனால் மூன்றாவது வாக்கியம் வந்துவிட்டால் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, ‘விசாரணை எப்ப முடியும்?’ என்று கேட்க ஒரு இடம் கிடைக்கிறது. ‘அதிகமாக இருந்தது’ என்ற வாக்கியத்தில் அவருக்கு அந்த இடம் இல்லை.

கலைச்சொல் குழுக்களுக்கும் இதையே சொல்லத் தோன்றுகிறது. ‘எக்ஸீடன்ஸ்’ என்பதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்து மூடிவிடாதீர்கள். மிகை என்று வைத்தால் ஆள் காணாமல் போவார். மீறல் என்று வைத்தால் விசாரணைக்கு முன்பே தண்டனை வந்துவிடும். இரண்டு சொல் இருப்பது நம் மொழியின் குறை இல்லை. எது எப்போது என்று சொல்லித் தருவதுதான் அகராதியின் வேலை.

பாடு முறையில் வலை கட்டுகிறவருக்கு அன்றைக்கு எந்த இடம், யாருடைய முறை என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தண்ணீரில் இறங்கினால் சண்டைதான். அவரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்தத் துல்லியத்தை அவருடைய தண்ணீரைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் எதிர்பார்க்கலாம். எவ்வளவு, எங்கே, யார் என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் தமிழில் தனித்தனியாக வினை இருக்கிறது.